நிரல் பதிப்பானை அமைத்துக்கொள்ளுதல்

அணுசக்தி நகரின் பணியாளர் குடியிருப்பில் ஒரு குடும்பம் புதிதாகக் குடியேறுகிறது. கல்பாக்கத்திலிருந்தோ கூடங்குளத்திலிருந்தோ பணிமாறுதல் பெற்று வந்த குடும்பமாக அது இருக்கலாம். வீட்டின் சுவர்களை இடித்து மாற்ற அவர்களுக்கு உரிமை இல்லை. மாடிப்படியும் தண்ணீர்த் தொட்டியும் எல்லார்க்கும் பொதுவானவை. ஆனால் வாசலில் எந்தக் கோலம் இடுவது, சுவரில் எந்தப் படத்தை மாட்டுவது, காப்பி வடிகட்டியை எந்தத் தட்டில் வைப்பது என்பன அவர்களின் விருப்பம். எது நமக்கு உரியது, எது பலர்க்கும் பொதுவானது என்பதை அறிந்து நடத்தலே நல்ல குடித்தனம்.

கணினிக்கு நிரல் எழுதுவோர்க்கும் இத்தகைய வீடு ஒன்று உண்டு. எடிட்டர் என்று வழங்கும் நிரல் பதிப்பானே அவ்வீடு. அதை நமக்கேற்ப அமைத்துக்கொள்ளும் முறையையும், அதில் தமிழ் எழுத்துகள் சிதையாமல் காக்கும் வழியையும் இப்பாடத்தில் காண்போம்.

பதிப்பான் வளர்ந்த வரலாறு

கணினி வரலாற்றில் மும்பைக்குத் தனியிடம் உண்டு. கொலாபாவில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான டிஃப்ராக் என்னும் கணினி 1960ஆம் ஆண்டில் முழுமையாகச் செயல்படத் தொடங்கியது. நம் நகரை அடுத்த டிராம்பேயில் வடிவமைக்கப்பட்ட டி.டி.சி. 12 என்னும் கணினி 1969ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் பெயரில் உள்ள முதலெழுத்து டிராம்பேயையே குறிக்கும்.

தொடக்கக் காலக் கணினிகளுக்கு நிரலைத் துளையிட்ட தாள்களின் வழியே கொடுத்தனர். ஒரு துளை தவறினாலும் தாளை மாற்றித் துளையிட நேர்ந்தது. பின்னர் நிரலைத் திரையில் பார்த்துத் திருத்த உதவும் பதிப்பான்கள் தோன்றின. இன்றும் பயன்பாட்டில் உள்ள ஈமாக்ஸ், விஐ ஆகிய இரண்டும் 1976ஆம் ஆண்டில் பிறந்தவை. இவற்றைப் பயன்படுத்துவோர் தம் விருப்பங்களை ஒரு சிறு கோப்பில் எழுதிவைப்பர். வேறு கணினிக்கு மாறும்போது அக்கோப்பையும் உடன் கொண்டுசெல்வர். ஊர் மாறும் குடும்பம் அருவாமனையையும் இட்லித் தட்டையும் மறவாமல் எடுத்துச் செல்வதைப் போன்றது இது.

இன்று பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் மிகுதியாகப் பயன்படும் விஷுவல் ஸ்டுடியோ கோட் 2015ஆம் ஆண்டில் அறிமுகமானது. இப்பதிப்பானில் கன்ட்ரோல் விசையையும் காற்புள்ளி விசையையும் சேர்த்து அழுத்தினால் அமைப்புகளின் பக்கம் திறக்கும். அங்கே இரு பிரிவுகளைக் காணலாம். ஒன்று பயனர் அமைப்பு. மற்றொன்று பணியிட அமைப்பு. பயனர் அமைப்பு நீங்கள் திறக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் பொருந்தும். பணியிட அமைப்பு ஒரு குறிப்பிட்ட கோப்புறைக்கு மட்டும் உரியது. அக்கோப்புறையைப் பிறர்க்கு அளித்தால் அதனுடனேயே செல்லும். இரண்டும் முரண்பட்டால் பணியிட அமைப்பே செல்லும். கூட்டு வேலையில் தனி விருப்பத்தைவிடப் பொது உடன்பாடு பெரிது என்பதை இவ்வேற்பாடு காட்டுகிறது.

நமக்கு உரியவை

திரையின் நிறம், எழுத்தின் அளவு, வரிகளின் இடைவெளி ஆகியன நம் கண்ணுக்கு உரியவை. கருநிறப் பின்புலம் சிலர்க்கு உகந்தது. வெண்ணிறப் பின்புலம் வேறு சிலர்க்கு உகந்தது. இவற்றை மாற்றுவதால் கோப்பில் உள்ள ஓர் எழுத்தும் மாறாது.

தமிழில் எழுதுவோர் இங்கே இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, எழுத்துரு. நிரலாளர் விரும்பும் எழுத்துருக்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்துகளுக்காக வரையப்பட்டவை. அவற்றில் எல்லா எழுத்துகளும் ஒரே அகலம் உடையவை. தமிழிலோ 'ர' ஒடுங்கிய எழுத்து. 'ணை' அகன்ற எழுத்து. எனவே தமிழ்ச் சொற்கள் கலந்த வரிகள் மேலும் கீழும் நேராக அமையாமல் போகலாம். அது பிழையன்று, எழுத்தின் இயல்பு. அமைப்புகளில் எழுத்துருவின் பெயர்களை வரிசையாகக் கொடுக்கலாம். ரோமன் எழுத்துருவை முதலிலும், நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலா போன்ற தமிழ் எழுத்துருவை அடுத்தும் எழுதினால், முதல் எழுத்துருவில் இல்லாத எழுத்தைப் பதிப்பான் அடுத்ததிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, வரியின் உயரம். 'கீ' என்பதன் விசிறி மேலே எழும்பும். 'ஞு' என்பதன் வால் கீழே இறங்கும். வரிகள் நெருங்கியிருந்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் விசிறியும் ஒன்றோடொன்று முட்டும். வரி உயரத்தைச் சற்றே கூட்டினால் படிப்பது எளிதாகும்.

பலர்க்கும் பொதுவானவை

நிரலில் சில வரிகள் இடப்பக்க ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கும். இதனை உள்தள்ளல் என்பர். பிற நிரல்மொழிகள் பலவற்றில் இது படிப்போரின் வசதிக்காக அமைந்தது. பைத்தான் மொழியிலோ இது இலக்கணமே ஆகும். எந்த வரி எந்தக் கட்டளைக்கு உட்பட்டது என்பதை உள்தள்ளலைக் கொண்டே பைத்தான் அறியும்.

உள்தள்ளலை இடைவெளி விசையாலும் இடலாம். தத்தல் விசையாலும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஆனால் கோப்பில் அவை வெவ்வேறு குறிகள். ஒரு குழுவில் ஒருவர் இடைவெளியும் மற்றொருவர் தத்தலும் இட்டால், கண்ணுக்கு ஒழுங்காகத் தோன்றும் நிரலைப் பைத்தான் ஏற்க மறுக்கக்கூடும். நால்வர் இரவெல்லாம் பிழையைத் தேடினாலும் அது கண்ணில் படாது. பைத்தானுக்கு நான்கு இடைவெளிகள் இடுவது பரவலாக ஏற்கப்பட்ட வழக்கம். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை எழுதுவோர் எட்டு இடங்கள் அகலமுள்ள தத்தலை இடுகின்றனர். எது சிறந்தது என்பதைவிட, ஒரு குழுவில் அனைவரும் ஒன்றையே கொள்வது முதன்மையானது. ஆகவே இதனைப் பணியிட அமைப்பில் எழுதிவைக்க வேண்டும்.

எழுத்தைக் காக்கும் குறியேற்றம்

பொதுவான அமைப்புகளுள் தமிழர்க்கு மிக இன்றியமையாதது குறியேற்றம். கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் உடன்பாடே குறியேற்றம் எனப்படும்.

1990களில் தமிழுக்குப் பல குறியேற்றங்கள் வழங்கின. ஓர் இதழின் இணையதளத்தைப் படிக்க அவ்விதழின் எழுத்துருவையே கணினியில் நிறுவ வேண்டியிருந்தது. அஃது இல்லாதவர்க்குத் தமிழ், பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான ஒருங்குறி 1991ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் தமிழும் இடம்பெற்றது. நாளடைவில் உலகெங்கும் உள்ள தமிழர் அதனைக் கைக்கொண்டனர். தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் அதனைத் தரமாக ஏற்றது. ஒருங்குறி எண்களைக் கோப்பில் எழுதிவைக்கும் முறைகளுள் இன்று பெருவழக்காக உள்ளது யுடிஎஃப்-8 ஆகும்.

'தமிழ்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இலக்கணப்படி இதில் த, மி, ழ் என மூன்று எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்தாகக் கொள்ளும். யுடிஎஃப்-8 முறையில் இவ்வைந்தும் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் கொள்வதால், அச்சொல் 15 பைட்டுகள் ஆகும். பைத்தானிடம் இச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்றே விடை கூறும். அதனால் தொல்காப்பியர் கணக்குத் தவறாகிவிடாது. கணினி எண்ணுவது எழுத்துகளை அன்று, குறிகளை என்பதே உண்மை.

இனி, ஒரு மாணவி மாட்டுங்காவில் வாழும் தன் பாட்டி கூறிய விடுகதைகளைக் கோப்பில் தட்டச்சு செய்து, ஒரு விளையாட்டு நிரல் எழுதுவதாகக் கொள்வோம். அக்கோப்பை அவள் வேறொரு கணினியில் திறக்கும்போது மூன்று வகைக் கோளாறுகள் தோன்றலாம்.

முதல் வகையில் எழுத்துகளுக்கு மாறாக வெற்றுக் கட்டங்கள் தெரியும். அக்கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை என்பதே இதன் பொருள். கோப்புக்கு எந்தத் தீங்கும் இல்லை. எழுத்துருவை நிறுவினால் போதும்.

இரண்டாம் வகையில், தலைமேல் சிறு கோடு ஏறிய ரோமன் எழுத்தும் வட்டத்துக்குள் அடைபட்ட குறியும் மீண்டும் மீண்டும் தோன்றும். யுடிஎஃப்-8 கோப்பை வேறொரு குறியேற்றத்தில் படித்ததன் விளைவு இது. இப்போதும் கோப்பு கெடவில்லை. பதிப்பானின் அடிப்பட்டையில் குறியேற்றத்தின் பெயர் காணப்படும். அதனைச் சொடுக்கி, யுடிஎஃப்-8 முறையில் 'மீண்டும் திறத்தல்' என்பதைத் தேர்ந்தால் தமிழ் திரும்பிவிடும்.

மூன்றாம் வகையில் எல்லா எழுத்துகளும் வினாக்குறிகளாக நிற்கும். தமிழுக்கு இடமில்லாத ஒரு குறியேற்றத்தில் கோப்பைச் சேமித்ததால் நேர்வது இது. 'மீண்டும் திறத்தல்' என்பதற்கு அருகிலேயே இருக்கும் 'சேமித்தல்' என்பதைத் தவறித் தேர்ந்தால் இவ்வாறு ஆகும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் இருந்த இடத்தில் வினாக்குறியே எழுதப்பட்டுவிட்டது. மூலப்படி வேறெங்கும் இல்லையெனில் பாட்டியின் விடுகதைகளை மீட்க வழியில்லை.

தோற்றத்தில் கெட்டது திரும்பும். சேமிப்பில் கெட்டது திரும்பாது. எனவே எழுத்துகள் சிதைந்து தெரியும்போது பதற்றத்தில் சேமிப்பு விசையை அழுத்தலாகாது. முதலில் குறியேற்றத்தின் பெயரைப் பார்க்க வேண்டும். தானாகச் சேமிக்கும் அமைப்பு இயங்கினால் அதனை நிறுத்திவிட்டு ஆராய வேண்டும்.

விசைப்பலகை

தமிழை உள்ளிடப் பல விசைப்பலகை அமைப்புகள் உள்ளன. தமிழ்நாடு அரசு 1999ஆம் ஆண்டில் ஏற்ற தமிழ்99 அவற்றுள் ஒன்று. இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ககரத்தை இருமுறை அழுத்தினால் 'க்க' எனப் புள்ளி தானே விழும். இன்ஸ்கிரிப்ட் என்பது மற்றொன்று. அதில் மராத்திக்கும் தமிழுக்கும் ககரம் ஒரே விசையில் அமையும். தேவநாகரி எழுத்தை அறிந்த மும்பை மாணவர்க்கு இது துணைபுரியும்.

தமிழ்99 முறையில் நிரல் எழுதும்போது ஒரு சிறு கவனம் தேவை. சதுர அடைப்புக்குறிகளின் விசைகளில் சகரமும் ஞகரமும், அரைப்புள்ளி விசையில் நகரமும் அமர்ந்துள்ளன. நிரலுக்கு அக்குறிகள் அடிக்கடி தேவைப்படும். ஆகவே மொழியை நொடியில் மாற்றும் குறுக்குவிசையைப் பழகிக்கொள்ளுங்கள்.

2008ஆம் ஆண்டில் வெளிவந்த பைத்தான் 3, மாறிகளுக்குத் தமிழில் பெயரிட இடமளிக்கிறது. 'மதிப்பெண்', 'விடை' என்றே நீங்கள் பெயர் சூட்டலாம். கட்டளைச் சொற்களும் தமிழிலேயே அமைந்த எழில் என்னும் நிரல்மொழியை முத்து அண்ணாமலை உருவாக்கியுள்ளார்.

மாணவர்களே! நிறத்தையும் அளவையும் உங்கள் விருப்பம்போல் வையுங்கள். உள்தள்ளலைக் குழுவோடு கலந்து முடிவு செய்யுங்கள். குறியேற்றத்தை மட்டும் யுடிஎஃப்-8 என்று உறுதி செய்த பின்னரே முதல் எழுத்தை எழுதுங்கள். நீங்கள் இங்கே எழுதும் தமிழை நெல்லையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒருவர் பிழையின்றிப் படிப்பதற்கு அவ்வொரு அமைப்பே அடிப்படை.

அருஞ்சொற்பொருள்

நிரல் – கணினிக்குரிய கட்டளைத் தொகுதி
பதிப்பான் – நிரலை எழுதித் திருத்த உதவும் மென்பொருள்
உள்தள்ளல் – வரியை ஓரத்திலிருந்து தள்ளித் தொடங்குதல்
குறியேற்றம் – எழுத்துகளுக்கு எண்களை வகுத்த உடன்பாடு
மாறி – மதிப்பைத் தாங்கும் பெயர்
விசிறி – இகர, ஈகார உயிர்மெய்களின் மேல்வளைவு

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பயனர் அமைப்புக்கும் பணியிட அமைப்புக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. பைத்தான் மொழியில் உள்தள்ளல் ஏன் இலக்கணமாகக் கருதப்படுகிறது?
3. தமிழ் கலந்த நிரலில் வரி உயரத்தைக் கூட்டுவது ஏன்?

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ஈமாக்ஸ் பதிப்பான் பிறந்த ஆண்டு ________.
2. 'மும்பை' என்னும் சொல்லில் இலக்கணப்படி ________ எழுத்துகளும், ஒருங்குறிப்படி ________ குறிகளும் உள்ளன. யுடிஎஃப்-8 முறையில் அச்சொல் ________ பைட்டுகள் கொள்ளும்.

இ. பின்வருவனவற்றை 'எனக்கு உரியது', 'குழுவுக்குப் பொதுவானது' என வகைப்படுத்துக.
திரை நிறம், குறியேற்றம், எழுத்தின் அளவு, உள்தள்ளல், வரி உயரம்

ஈ. பிரித்து எழுதுக.
1. இவ்வேற்பாடு
2. அடிப்பட்டை
3. கோப்புறை

உ. விரிவாக விடை எழுதுக.
உம் நண்பரின் கணினியில் தமிழ்க் கோப்பு ஒன்று சிதைந்து தெரிகிறது. கோளாறு எவ்வகையது என்று அறியவும், கோப்பைக் காக்கவும் அவர் செய்ய வேண்டியவற்றை விளக்கி ஒரு மடல் வரைக.

ஊ. செயல்பாடு
உம் வீட்டுப் பெரியோரிடம் ஐந்து விடுகதைகளைக் கேட்டு, யுடிஎஃப்-8 கோப்பில் சேமித்து, இரு வேறு கணினிகளில் திறந்து பார்க்க. கண்டதை வகுப்பில் கூறுக.