நண்பன் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம்

குடும்பத் தலைவர் ஒருவர் அகாலத்தில் இறந்துபோனால், பதினாறாம் நாள் காரியம் வரை வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆஸ்பத்திரிக் கடனுக்கும் காரியச் செலவுக்குமே அது சரியாகப் போய்விடும். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் கல்லூரி வாசலை மிதிக்க இன்னும் பத்து வருடம் இருக்கிறது. அன்றைக்கு யார் வருவார்கள்?

தமிழ்நாட்டுக் காவலர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்தவர்களை ‘ஒரே பேட்ச்’ என்பார்கள். பயிற்சி முடிந்ததும் மாவட்டம் மாவட்டமாகச் சிதறிப்போனவர்கள். அவர்களில் ஒருவர் விபத்திலோ நோயிலோ இறந்தால் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் செய்தி போகிறது. ஆளுக்குச் சில நூறு ரூபாய்தான். ஆயிரக்கணக்கானோர் போடுவதால் பல லட்சம் சேர்கிறது. இறந்தவர் முகத்தையே பார்த்திராதவரும் அனுப்புகிறார். அதைவிட என்னை நெகிழ வைப்பது அடுத்து அவர்கள் செய்வது. பணத்தில் பெரும் பகுதியை எல்.ஐ.சி.யிலோ அஞ்சலகத்திலோ பிள்ளைகள் பெயரில் போட்டு, பத்திரத்தைத் தாயிடம் ஒப்படைக்கிறார்கள்.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்தில் வாங்கியதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். காவலர்களின் இந்த உதவியில் அந்தக் கணக்கு கிடையாது.

பள்ளித் தோழர்களும், ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்களும் இதைச் செய்யலாம். பத்து வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளை என்றால் தாயைக் காப்பாளராக வைத்துச் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். ஆண்டுக்கு 250 ரூபாயிலிருந்து ஒன்றரை லட்சம் வரை, 15 ஆண்டுகள் கட்டலாம். 18 வயதானதும், அல்லது அதற்கு முன்பே பத்தாம் வகுப்பு தேறியதும், மேற்படிப்புக்காக இருப்பில் பாதி வரை எடுக்கலாம்.

அரசு தருவதையும் விட்டுவிடக் கூடாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசின் பொறுப்பு. 2022-இல் வந்த புதுமைப்பெண், 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

ஆனால் வருமானச் சான்றிதழுக்கு அலைவது யார்? கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்று நாலு பேரிடம் விசாரிப்பது யார்? அப்பா இருந்தால் அவர் செய்திருப்பார். வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கும் தாய்க்குப் பணத்தைவிட இந்தத் துணைதான் பல நேரம் அரிதாக இருக்கிறது. நண்பனுக்குச் செய்யும் மரியாதையில் பெரியது இதுதான் என்பேன்.

மரியாதை பிள்ளைக்கும் உண்டு. அட்டைக் காசோலையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக் குழுவில் போடாதீர்கள். என்ன படிப்பு என்பதை அந்தப் பிள்ளையும் தாயும் முடிவு செய்யட்டும். ‘நானும் உங்கப்பாவும் ஒண்ணா வேலை பார்த்தோம்மா’ என்று சொல்லுங்கள். அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதைச் சொல்லுங்கள். சிறு வயதில் தகப்பனை இழந்த பிள்ளைக்கு அதைச் சொல்ல உங்களைப் போன்ற சிலரே இருப்பார்கள்.

உங்கள் கூட்டாளி ஒருவர் அண்மையில் போயிருந்தால், அவர் பிள்ளை எத்தனையாவது படிக்கிறது என்று இந்த வாரமே கேளுங்கள். பிளஸ் டூ முடியும் ஆண்டைக் குறித்துக்கொண்டு, குழுவில் ஒருவரை அதற்குப் பொறுப்பாக்குங்கள்.