பிள்ளையின் எரிச்சலும் சூரியனின் தாமதமும்

உங்கள் வீட்டில் படிவம் 4, 5 பயிலும் பிள்ளை இருக்கிறதா? காலையில் மூன்று முறை எழுப்ப வேண்டியிருக்கும். எழுந்ததும் யார் எதைக் கேட்டாலும் எரிந்து விழும். மாலையில் காரணம் தெரியாத சோர்வு, சின்னச் சொல்லுக்கும் கண்ணீர். “எல்லாம் வயசுக் கோளாறு” என்று சொல்லிவிடுகிறோம். அதற்கு முன், அந்தப் பிள்ளை நேற்று எத்தனை மணி நேரம் தூங்கியது என்று கணக்குப் பாருங்கள். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவப் பரிந்துரை. டியூஷன் முடிந்து, வீட்டுப்பாடம் முடிந்து, 12 மணிக்குப் படுத்து 5.45க்கு எழும் பிள்ளைக்கு ஆறு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை.

தூக்கம் குறைந்தால் மனம் ஏன் கெடுகிறது? மூளைக்குள் வாதுமைப் பருப்பின் வடிவில் அமிக்டலா என்றொரு சிறு பகுதி உண்டு. அச்சத்தையும் கோபத்தையும் எழுப்புவதில் அதற்குப் பெரும் பங்கு. நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி அதை அடக்கி வைக்கிறது. 2007இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஓரிரவு முழுக்க விழித்திருந்தவர்களிடம் மனத்தை வருத்தும் படங்களைக் காட்டினார்கள். நன்கு தூங்கியவர்களைவிட அவர்களுடைய அமிக்டலா ஏறக்குறைய 60 விழுக்காடு கூடுதலாகக் கிளர்ந்தது. அடக்கும் பகுதியோடு அதற்கிருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. தினமும் இரண்டு மணி நேரம் இழப்பவருக்கு இந்த எண் அப்படியே பொருந்தாது. ஆனால் போகும் திசை அதுதான்.

“அப்படியானால் சீக்கிரம் படுக்க வேண்டியதுதானே?” அங்கேதான் சிக்கல். நம் மூளையில் ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் சேர்ந்து ஒரு கடிகாரமாக இயங்குகின்றன. இருட்டியதும் மெலடோனின் சுரக்க வைப்பது அதுவே. பருவ வயதில் அந்தச் சுரப்பு ஒன்றிரண்டு மணி நேரம் பின்தள்ளிப் போகிறது. பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று பிள்ளை சொன்னால் அது சாக்குப்போக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

நம் நாட்டுக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. 1982 ஜனவரி 1ஆம் நாள், சபா, சரவாக்கோடு ஒரே நேரம் இருக்கட்டும் என்று தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே நகர்த்தினார்கள். சிங்கப்பூரும் உடன் மாறியது. கோலாலம்பூர் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 101.7 பாகையில். நம் கடிகாரமோ 120 பாகைக்குரியது. பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கினால் வித்தியாசம் 73 நிமிடம். 5.45க்கு அலாரம் அடிக்கும்போது, சராசரிச் சூரியக் கணக்கில் மணி 4.32தான்! பிப்ரவரியில் சூரியன் எழுவதே 7.30ஐ ஒட்டித்தான். அதற்குள் பல பள்ளிகளில் சபைகூடல் தொடங்கிவிடும்.

பள்ளி மணியை நீங்கள் மாற்ற முடியாது. வெளிச்சத்தை மாற்றலாம், ஏனென்றால் உடல் கடிகாரத்தைத் திருத்துவது ஒளிதான். வகுப்பறையில் இருப்பது சில நூறு லக்ஸ். மேகமூட்டமான பகலில்கூட வெளியே 10,000 லக்ஸ் அளவுக்கு ஒளி இருக்கும். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக் கூரையை விட்டுப் பத்து நிமிடம் வெளியே நிற்கச் சொல்லுங்கள். இரவில் இதற்கு நேர்மாறு. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே விளக்குகளைக் குறைத்து, கைப்பேசியைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிடுங்கள். (அப்பா அம்மாவின் கைப்பேசியும் அங்கேயே கிடந்தால்தான் இது நடக்கும்!) மாலைக்குப் பிறகு தே தாரிக்கும் வேண்டாம். குடித்த காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும்.

படுத்த பிறகு நாளைய வேலைகள் மண்டையைக் குடைந்தால், ஒரு தாளில் எழுதிவிடுவது நல்லது. 2018இல் பேய்லர் பல்கலைக்கழகம் 57 இளையோரிடம் நடத்திய ஆய்வில், செய்ய வேண்டியவற்றைப் படுக்கும் முன் 5 நிமிடம் எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தூக்கமின்மையே மனச்சோர்வு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். வாட்டம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பிடித்த விளையாட்டையும் நண்பர்களையும் பிள்ளை ஒதுக்கினால், கைப்பேசியைப் பிடுங்கி வைப்பது மருந்தாகாது. பள்ளி ஆலோசக ஆசிரியரையோ அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கையோ நாடுங்கள். மலேசியச் சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ உதவி எண் 15555.