சீறிப் பாயும் சின்ன தோட்டா... எது பெஸ்ட்? காற்று சொல்லும் கணக்கு!

மொபைலில் பப்ஜி ஆடியவரா நீங்கள்? அப்படியென்றால் '5.56' என்ற எண் உங்களுக்கு அத்துப்படியாக இருக்கும். எம்416-க்குத் தேடித் தேடி எடுப்பீர்களே, அதே தோட்டாதான். அதற்கு நிஜ உலகில் ஒரு சிவிலியன் உடன்பிறப்பு உண்டு. பெயர், .223 ரெமிங்டன். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா, வயோமிங், மொன்டானா மாநிலப் புல்வெளிகளில் தூரத்துச் சின்ன விலங்குகளைச் சுடுபவர்களின் கையில் அதிகம் இருப்பது இதுதான்.

ஆனா, அங்கே துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தால் இதைவிட வேகமான தோட்டாக்கள் வரிசைகட்டி நிற்கும். 'வேகம் அதிகம்னா நல்லதுதானே, அதையே வாங்கிடலாமே' என்றுதான் முதலில் தோன்றும். அங்கேதான் விஷயமே இருக்கு. வாங்க, பார்ப்போம்.

முதலில், யார் இந்த 'வர்மின்ட்'?

பயிருக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் தொல்லை என்று கருதப்படும் விலங்குகளை அமெரிக்காவில் 'வர்மின்ட்' என்பார்கள். கயோட்டி என்ற ஓநாய் இனம், கிரவுண்ட்ஹாக், எல்லாவற்றுக்கும் மேல் பிரெய்ரி டாக். பெயரில்தான் நாய். உண்மையில் அது அணில் குடும்பம். எடை ஏறக்குறைய ஒரு கிலோ. வளைக்கு மேல் மண்மேட்டில் எழுந்து நின்று காவல் பார்க்கும். மாடு தின்னும் அதே புல்லைத் தின்னும் என்பதால், மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு அதைப் பிடிக்காது.

நின்றால் அதன் உடல் அகலம் சுமார் 10 செ.மீ. அதுவும் 300 கெஜத்துக்கு அப்பால், அதாவது 14 கிரிக்கெட் பிட்ச்களை வரிசையாக வைத்த தூரத்தில். அந்த 10 செ.மீ-க்குள் குண்டு விழ வேண்டும். சற்றுத் தள்ளி விழுந்தால், ஒன்று மொத்தமாகத் தவறும். இல்லையென்றால், அடிபட்ட விலங்கு வளைக்குள் ஊர்ந்துபோய் மெதுவாகச் சாகும். தோட்டா தேர்வு வெறும் கெத்து விஷயம் இல்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

வேகம் எதற்கு?

புவியீர்ப்பு விசைக்கு ஓய்வே கிடையாது. குழலை விட்டு வெளியே வந்த நொடியிலிருந்து குண்டு கீழே விழத் தொடங்கிவிடும். 55 கிரெய்ன் எடையுள்ள .223 குண்டு (சுமார் 3.6 கிராம்) நொடிக்கு 3,240 அடி வேகத்தில் புறப்படும். ஒலியைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேகம்! அப்படிப் போயும், 300 கெஜத்தைத் தொட சுமார் 0.34 நொடி ஆகும். அதற்குள் அது அரை மீட்டருக்கும் மேல் கீழே இறங்கியிருக்கும்.

சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் குறைவாக விழும். அவ்ளோதான் லாஜிக். துப்பாக்கியின் ஸ்கோப்பை 200 கெஜத்துக்குச் சரிசெய்து வைத்தால், 300 கெஜத்தில் .223 குண்டு இன்னும் சுமார் 7 அங்குலம் கீழே இறங்கும். .22-250 ரெமிங்டன் சுமார் 5 அங்குலம். .204 ரூகர் சுமார் 4 அங்குலம்.

வேக ரேஸில் யார் யார்?

.220 ஸ்விஃப்ட்: 1935-ல் வின்செஸ்டர் நிறுவனம் கொண்டுவந்தது. 48 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 4,110 அடி. 4,000 அடியைத் தாண்டிய முதல் ஃபேக்டரி தோட்டா. இன்றும் ரசிகர்கள் உண்டு.

.22-250: .250 சாவேஜ் என்ற பழைய தோட்டாவின் கூட்டை எடுத்து, கழுத்தை .22 அளவுக்குச் சுருக்கி ஆர்வலர்கள் தங்கள் பட்டறைகளில் உருவாக்கியது. பெயர்க் காரணமும் அதுதான். 1965-ல் ரெமிங்டன் அதை முறைப்படி சந்தைக்குக் கொண்டுவந்தது. 55 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 3,680 அடி.

.204 ரூகர்: 2004-ல் வந்த இளையவர். 32 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 4,225 அடி. பின்னோக்கி உதைப்பது ரொம்பக் குறைவு. அதனால் குண்டு எங்கே விழுந்தது என்பதை ஸ்கோப்பிலேயே பார்த்துவிடலாம்.

.17 எச்.எம்.ஆர்: 2002-ல் வந்தது. 17 கிரெய்ன் குண்டு, 2,550 அடி. விலையும் சத்தமும் குறைவு. ஆனா 150 கெஜம் வரைக்கும்தான் இதை நம்பலாம்.

நிஜ வில்லன் காற்று!

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். குண்டு எவ்வளவு கீழே இறங்கும் என்பது கணக்கு. தூரத்தை லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் சொல்லிவிடும். அதை உங்கள் போனில் இருக்கும் பாலிஸ்டிக் ஆப்பில் போட்டால், ஸ்கோப்பை எத்தனை 'க்ளிக்' திருப்ப வேண்டும் என்றும் சொல்லிவிடும். புவியீர்ப்பு இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று மாறாது.

காற்று மாறும். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு வேகம், பாதி வழியில் இன்னொன்று, விலங்கு நிற்கும் இடத்தில் வேறொன்று. அமெரிக்கப் புல்வெளிகளோ காற்றுக்குப் பேர்போனவை.

பக்கவாட்டில் மணிக்கு 16 கி.மீ வேகத்தில் காற்று அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 300 கெஜத்தில் 55 கிரெய்ன் .223 குண்டு சுமார் 27 செ.மீ தள்ளிப்போகும். இலக்கின் அகலம் வெறும் 10 செ.மீ! அதே எடைக் குண்டை .22-250-ல் வேகமாக அனுப்பினால் சுமார் 23 செ.மீ. கொஞ்சம் முன்னேற்றம்தான்.

இப்போ ட்விஸ்ட். அதே .223-ல் 75 கிரெய்ன் எடையுள்ள நீளமான, ஒல்லியான குண்டைப் போடுங்கள். வேகம் 2,790 அடிதான். ஆனா காற்று அதைத் தள்ளுவது சுமார் 20 செ.மீ மட்டுமே. நொடிக்கு 900 அடி மெதுவாகக் கிளம்பியும், வேகமான .22-250-ஐவிடக் குறைவாகவே விலகுகிறது!

காரணம் என்ன? காற்று ஒரு குண்டை எவ்வளவு விலக்கும் என்பது அது பறக்கும் நேரத்தை மட்டும் பொறுத்தது இல்லை. வழியில் எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதைப் பொறுத்தது. பிங்பாங் பந்தை எவ்வளவு ஓங்கி எறிந்தாலும் காற்றில் திணறும். கிரிக்கெட் பந்து நிதானமாகப் போய்ச் சேரும். எடையும் வடிவமும் செய்யும் வேலை அது.

ஒரு நிபந்தனை. நீளமான குண்டு நிலையாகப் பறக்க, குழலுக்குள் இருக்கும் முறுக்கு வரிகள் அதை வேகமாகச் சுழற்ற வேண்டும். 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருந்தால் 75 கிரெய்ன் ஓகே. பல .22-250 ரைஃபிள்களில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். அதில் கனமான குண்டு தள்ளாடும். அதனால் தோட்டாவை மட்டும் பார்க்காமல், குழலில் என்ன ட்விஸ்ட் எழுதியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

வேகத்துக்கு வாடகை உண்டு

சின்ன ஓட்டை வழியாக நிறைய வெடிமருந்தை எரித்தால் குழலின் தொண்டைப் பகுதி சீக்கிரம் அரிக்கும். .220 ஸ்விஃப்ட்டுக்கு 'குழல் தின்னி' என்று கெட்ட பெயர் வந்தது இதனால்தான். .22-250-லும் .223-ஐவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மருந்து எரிகிறது. பிரெய்ரி டாக் இருக்கும் இடத்தில் ஒரே நாளில் நூறு ரவுண்டுக்கு மேல் சுடுபவர்கள் உண்டு. குழல் சூடாகும், குறி அலையும், தோட்டா செலவும் எகிறும். அந்தக் கணக்கில் .223-தான் ஜெயிக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. .223-ம் 5.56-ம் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனா 5.56 தோட்டாவின் அழுத்தம் அதிகம். '.223 ரெமிங்டன்' என்று மட்டும் எழுதியிருக்கும் ரைஃபிளில் அதைப் போடக் கூடாது.

குண்டு போன பிறகு?

இந்த வேட்டைக்கான குண்டுகள் மெல்லிய உறையோடு, பட்டவுடன் சிதறும்படி செய்யப்படுகின்றன. தரையில் பட்டு எகிறி வேறெங்கோ போகும் ஆபத்து இதனால் குறையும். ஆனா சிதறும் ஈயத் துகள்கள் இறந்த உடலிலேயே தங்கும். அதைத் தின்னும் கழுகுகளின் ரத்தத்தில் ஈயம் ஏறும். கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டையே தடை செய்துவிட்டது. செம்புக் குண்டுகள் மாற்றாக வந்துவிட்டன.

இன்னொன்றும் உண்டு. கருங்கால் ஃபெரட் என்ற அரிய விலங்கு உயிர்வாழ்வதே பிரெய்ரி டாக்கைத் தின்றுதான். அழிந்துவிட்டது என்று நினைத்திருந்த அது, 1981-ல் வயோமிங்கின் மீட்டீட்ஸியில் மீண்டும் கண்ணில் பட்டது. பண்ணைக்காரருக்குத் தொல்லையாகத் தெரியும் ஒரு விலங்கு, இன்னொன்றுக்கு வாழ்க்கை. அதனால்தான் எங்கே சுடலாம், எங்கே கூடாது என்று இடத்துக்கு இடம் விதி மாறுகிறது.

நம் நாட்டில் கதையே வேறு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லை.

அப்போ எதைத் தேர்வு செய்வது?

அங்கே, சட்டப்படி, நில உரிமையாளரின் அனுமதியோடு சுடப்போகும் ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டுக்கொண்டால் போதும்.

1. என் தூரம் எவ்வளவு? 150 கெஜம் என்றால் .17 எச்.எம்.ஆர். 300 வரை என்றால் .223. அதற்கும் மேல் அடிக்கடி என்றால் .22-250, அல்லது சரியான ட்விஸ்ட் உள்ள .223-ல் கனமான குண்டு.

2. ஒரு நாளில் எத்தனை ரவுண்டு? அதிகம் என்றால் .223. எப்போதாவது ஒரு கயோட்டி என்றால் .22-250.

3. காற்று எப்படி? அன்றைக்கு அதைக் கணிக்க முடியவில்லையென்றால், எந்தத் தோட்டாவும் உதவாது. நெருங்கிப் போக வேண்டும். முடியாதென்றால் விசையில் இருந்து விரலை எடுத்துவிட வேண்டும்.

தோட்டாப் பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் வேகம், குழல் முனையில் அளந்த வேகம். விலங்கு நிற்பதோ 300 கெஜத்துக்கு அப்பால். குண்டு அங்கே எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைப் பார்த்து வாங்குபவர்தான் நல்ல தோட்டாவை வாங்குகிறார்!