சுருள்வில்லும் ஜனாதிபதித் தேர்தலும்

ஆய்வகத்தில் சுருள்வில்லைத் தொங்கவிட்டு, எடைகளை ஒவ்வொன்றாக மாட்டி நீட்சியை அளந்திருப்பீர்கள். அளவுகளை வரைபடத்தாளில் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். பிறகு வேறோர் எடைக்கு வில் எவ்வளவு நீளும் என்பதை மாட்டிப் பார்க்காமலே சொல்லிவிடலாம் அல்லவா?

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலிலும் இப்படிக் கோடு போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. யேல் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ரே ஃபேர் 1978இல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். எமரி பல்கலைக்கழகத்தின் ஆலன் ஆப்ரமோவிட்ஸ் 1988இல் இன்னொன்றைத் தந்தார். அவருடையதற்கு மூன்றே விவரங்கள் போதும்: தேர்தல் ஆண்டின் நடுவில் ஜனாதிபதிக்குள்ள மக்கள் ஆதரவு, பொருளாதார வளர்ச்சி, ஆளும் கட்சி எத்தனை காலமாகப் பதவியில் இருக்கிறது என்பது. வளர்ச்சி 1 சதவீதம் கூடினால் ஆளும் கட்சிக்கு ஏறக்குறைய அரை சதவீத வாக்கு கூடும்.

2016இல் இச்சமன்பாடு, டிரம்ப் சற்றே அதிக வாக்குப் பெறுவார் என்றது. ஆனால் ஹிலாரி கிளிண்டன்தான் சுமார் 29 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். ஆயினும் மாநிலவாரியான தேர்வாளர் வாக்குகளில் முந்தி டிரம்ப் ஜனாதிபதியானார்! வழிமுறை பிழைத்து விடை மட்டும் சரியாக வந்த கணக்குக்கு எத்தனை மதிப்பெண் போடுவது? விடைத்தாள் திருத்தும் எனக்கு இது பழைய தலைவலி.

1948 முதல் 2016 வரை நடந்த தேர்தல்கள் 18தான். அதாவது, கோட்டுக்கு 18 புள்ளிகள். வில்லில் சந்தேகம் வந்தால் மறுபடி அளக்கலாம். தேர்தலுக்கு அந்த வசதி இல்லை.

2020இல் கொரோனா வந்தது. ஏப்ரல்-ஜூன் காலாண்டில் அமெரிக்கப் பொருளாதாரம் ஆண்டு வீதத்தில் 32.9 சதவீதம் சரிந்ததாக முதல் மதிப்பீடு கூறியது. தேர்தல் ஆண்டுகளின் இதே காலாண்டில் அதற்கு முந்தைய மோசமான சரிவு 1980இல். அதுவே சுமார் 8 சதவீதம்தான். கோட்டை அப்படியே நீட்டிப் பாருங்கள். இரு கட்சிகளும் 50க்கு 50 என்று நின்றிருந்தாலும், இந்தச் சரிவு ஒன்றே ஆளும் கட்சியை 34 சதவீதத்துக்கு இறக்கிவிடும். டிரம்போ இரு பெரிய கட்சிகளின் வாக்குகளில் 47.7 சதவீதம் பெற்றுத் தோற்றார்.

மீட்சி எல்லையைத் தாண்டி எடை மாட்டினால் வில் ஹூக் விதிக்குக் கட்டுப்படாது என்று படித்திருக்கிறீர்கள். இங்கே எல்லை எங்கே இருக்கிறது என்று காட்ட 8க்கும் 32.9க்கும் இடையில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆப்ரமோவிட்ஸ் அந்த ஆண்டு பொருளாதார வளர்ச்சியைச் சமன்பாட்டிலிருந்தே எடுத்துவிட்டார். ஜனாதிபதிக்குள்ள ஆதரவை மட்டும் கொண்டு கணக்கிட்டு, பைடன் வெல்வார் என்றார்.