மெர்சிங் கழிமுகமும் தூர்வாரும் முதலும்

மலாய் மொழியில் 'கோலா' என்பது ஓர் ஆறு கடலோடோ மற்றோர் ஆற்றோடோ கூடும் இடம். கடலோடு கூடுமிடத்தைத் தமிழர் கழிமுகம் என்றனர். கோலாலம்பூரின் 'லம்பூர்' சேற்றைக் குறிப்பது. கோலாவுக்கும் சேற்றுக்கும் உறவு பழையது.

ஜொகூரின் கீழ்க்கரையிலுள்ள மெர்சிங்கில் இவ்வுறவை நாள்தோறும் காணலாம். தியோமான் தீவுக்குச் செல்லும் படகுகள் ஆற்றினுள் அமைந்த துறையிலிருந்து புறப்படுகின்றன. கழிமுகம் ஆழமற்றதாகையால், புறப்படும் நேரத்தைக் கடலின் ஏற்ற இறக்கமே முடிவு செய்கிறது. மீன்படகுகளுக்கும் அதே நிலைதான். நீர் ஏறும்வரை வெளியே காத்துக் கிடக்கும் படகில் பனிக்கட்டி கரையும். அதனோடு மீனின் விலையும் இறங்கும்.

மண் வரும் வழிகள் இரண்டு. மேட்டு நிலத்தில் காடு திருத்தப்படும்போது மழைநீர் மண்ணை அரித்து ஆற்றில் சேர்க்கிறது. நவம்பர் முதல் மார்ச்சு வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றின் அலைகளோ, கரையோர மணலைக் கிளப்பிக் கழிமுகத்தில் திட்டாகப் போடுகின்றன. ஒருமுறை வாரினோம், முடிந்தது என்று இருத்தற்கில்லை. வாரிய பள்ளமே அடுத்த பருவத்து மணலைப் பிடிக்கும் குழியாகிறது.

பணச் சிக்கலும் இதனால்தான். அலைதடுப்புச் சுவர் கட்டினால் கண்ணுக்குத் தெரியும். திறப்பு விழாவும் நடக்கும். நீருக்கடியில் எடுத்த மண்ணுக்கு விழா ஏது? ஆகவே தூர்வாரும் செலவு, துறை அடைபட்டுப் படகோட்டிகள் முறையிட்ட பிறகே நினைவுக்கு வருகிறது.

சோழர் காலத்து ஊர்ச்சபையார் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். ஏரியில் ஆண்டுதோறும் தூர்வாருவதற்கென ஒரு முதலைச் சபையிடம் வைத்து, அதன் பொலிசையை மட்டும் செலவிடச் செய்த அறங்களைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. பொலிசை என்பது வட்டி. மண் ஆண்டுதோறும் வருகிறது. பணமும் ஆண்டுதோறும் வரவேண்டும் என்பதே கணக்கு.

சிறு துறைகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. தூர்வாரும் கலத்தைக் கொண்டுவரும் செலவு, எடுக்கும் மண் சிறிதாயினும் குறையாது. மெர்சிங், எண்டாவ், செடிலி ஆகிய மூன்று கழிமுகங்களையும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்த்தால் அச்செலவு பங்கிடப்படும். பருவக்காற்று ஓய்ந்ததும் ஆழம் அளந்து உடனே வாரினால், அமைதியான மாதங்கள் முழுதும் படகுகளுக்குப் பயன்படும். அக்டோபரில் வாரினால் பயன் பெரும்பாலும் அலைக்கே. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் வேறுபாட்டுக்கே கூலி தரவேண்டும். எடுத்தது நல்ல மணலானால் அரிக்கும் கரைக்கு இடலாம். சேறானால் கொட்டுமிடத்தை முன்னரே குறித்து, அச்செலவையும் மதிப்பீட்டில் சேர்த்தல் வேண்டும்.