பிடிக்கிற கைக்கும் வேலை கொடுங்கள்

திருக்கார்த்திகை அன்று நாஞ்சில் நாட்டு அடுக்களையில் பிள்ளைகளுக்கும் வேலை இருக்கும். கொழுக்கட்டைக்காகச் சாணளவு நறுக்கிய பனங்குருத்தோலையை ஒரு கை விரித்துப் பிடிக்க, மறுகை கருப்பட்டியும் தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பிசைந்த அரிசிமாவை உள்ளே வைத்து அமுக்கும். பிடி தளர்ந்தால் மாவு பிதுங்கிவிடும். பிறகு ஓலையை மூடி நாரால் கட்ட வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு முடிச்சு விழாது. அதைப் பாட்டி போட்டுக்கொள்வாள். ஓலை விலகாமல் சேர்த்துப் பிடித்திருந்தால் போதும்.

இந்தப் பிடிப்பைத்தான் நாம் கணக்கில் எடுப்பதில்லை. எழுதும் கையைப் பழக்க நோட்டு மேல் நோட்டாக வாங்குகிறோம். சட்டைக்குப் பித்தான் போடவும் பென்சில் சீவவும் இன்னொரு கையும் வேண்டுமே! கத்தரிக்கோலால் வட்டம் வெட்டும்போது காகிதத்தை வளைவுக்குத் தக்கபடி திருப்பிக் கொடுப்பது அந்தக் கைதான். மூளையின் இரு பாதிகளும் ஒத்துழைத்தால்தான் இது நடக்கும். பழகப் பழகத்தான் கைவரும்.

இரண்டு கையும் சேர்ந்து செய்யும் நுண்வேலை நாஞ்சில் நாட்டுக்குப் புதிதல்ல. 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னலும், 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற தோவாளை மாணிக்க மாலை என்னும் பூமாலையும் அப்படிப்பட்டவைதான். ஆனால் அவை பிழைப்புக்கான தொழில்கள். பிள்ளைகள் தலையில் கட்டுவதற்கில்லை. வீட்டில் விளையாட்டாக வாழைநாரில் பூக்கட்டலாம். பெரிய கேந்திப்பூவில் தொடங்கி, கை பழகியபின் பிச்சிக்குப் போகலாம். அரளி மட்டும் வேண்டவே வேண்டாம், அது விஷம்.

பம்பரத்துக்குக் கயிறு சுற்றுவது, ஓலைக் காற்றாடி செய்வது, குருத்தோலை ஞாயிறன்று தென்னங்குருத்தில் சிலுவை மடிப்பது எல்லாமே நல்ல பயிற்சிதான். ‘மூளை வளர்ச்சிக்கு’ என்று அச்சடித்த விலை உயர்ந்த பெட்டிகளை வாங்கித்தான் தீர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையை வலக்கைக்கு மாற்றாதீர்கள். அதன் வலக்கை பிடித்துக்கொள்ளட்டும். ஆனால் ஒரு வயது நிறைவதற்குள்ளேயே எதற்கும் ஒரே கையை மட்டும் நீட்டி, மறுகையை மடக்கியே வைத்திருக்கும் குழந்தையை, ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று விடாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.