இலவசச் சரக்குக்கும் இருப்புக் கணக்கு வேண்டும்

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, மரக்காணம் உப்பளக் கரையில் உள்ள நம் மளிகைக் கடைகளிலும் உப்பு வியாபாரிகளிடமும் கம்ப்யூட்டர் இடம் பிடித்துவிட்டது. உப்புக்கு வரி இல்லை என்றாலும், மற்ற சரக்குகளுக்குப் பில்லும் கணக்கும் வேண்டுமே! செலவைக் குறைக்க எண்ணும் வணிகர்கள் 'ஓப்பன் சோர்ஸ்' சாப்ட்வேரை நாடுகிறார்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். பெரும்பாலும் லைசென்ஸ் கட்டணம் கிடையாது. சென்னை சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ் இவ்வகையே. 'டெபியன்' என்ற உலகளாவிய தொகுப்பே அதற்கு அடிப்படை.

விலை இல்லை என்பதால் கண்டதையெல்லாம் ஏற்றிக்கொள்கிறோம். சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது. இவை 'பேக்கேஜ்' என்னும் பொட்டலங்களாக வருகின்றன. சாம்பார்ப் பொடிக்கு மல்லி, மிளகாய், துவரம் பருப்பு வேண்டும் அல்லவா? அதுபோல ஒரு பில்லிங் புரோகிராமுக்கு வேறு பல பொட்டலங்கள் வேண்டும். நாம் கேட்பது ஒன்று. வந்து இறங்குவது நாற்பதாகவும் இருக்கலாம்.

இதில் என்ன ஆபத்து? 2021 டிசம்பரில் 'லாக்ஃபோர்ஜே' என்ற பொட்டலத்தில் பெரிய ஓட்டை இருப்பது தெரியவந்தது. அடைக்கும் திருத்தமும் விரைவில் கிடைத்தது. ஆனால் அந்தப் பொட்டலம் எந்த மெஷினில், எந்தப் புரோகிராமுக்குள் இருக்கிறது என்று தெரியாமல் பெரிய நிறுவனங்களே தேடித் தவித்தன. நமக்கு அப்படி நேர்ந்தால் ஆபத்துக்குள்ளாவது கடன் பேரேடும் வரிக் கணக்கும்தான். தெரிந்த பையன் ஏற்றிக் கொடுத்தான் என்பார்கள். அவன் வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டால் யாரைக் கேட்பது?

டெபியன்காரர்களைப் பாருங்கள். 1996-ல் அவர்களிடம் 474 பொட்டலங்கள் இருந்தன. 2025 ஆகஸ்டில் வெளியான 13-ஆம் பதிப்பில் 69,830. அந்தப் பதிப்பில் புதிதாக 14,100-க்கு மேல் சேர்த்தார்கள். காலாவதியானவை என்று 8,840-க்கு மேல் கழித்தும் இருக்கிறார்கள். வரவு இருந்தால் கழிவும் இருக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியாததா?

நாம் செய்ய வேண்டியவை:

1. ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த மெஷினில் என்ன புரோகிராம், எதற்காக, யார், எந்தத் தேதியில் ஏற்றினார் என்று எழுதுங்கள்.

2. கொள்முதல் ஒரே இடத்தில் இருக்கட்டும். பாஸ், டெபியன் ஆகியவற்றின் சொந்தக் கிடங்கிலிருந்து வருபவை முத்திரை சரிபார்த்தே ஏற்றப்படுகின்றன. யாரோ பென் டிரைவில் தருவதற்கு அந்த உறுதி இல்லை.

3. வாரம் ஒருநாள் கடை அடைத்ததும் கணக்கை நகல் எடுத்துவிட்டு, திருத்தங்களை ஏற்றுங்கள். இரண்டு மெஷின் இருந்தால் பில் போடாத மெஷினில் முதலில் பாருங்கள்.

4. பயன்படாததை நீக்குங்கள். 'ஏபிடி ஆட்டோரிமூவ்' என்ற கட்டளை, துணைக்கு வந்து இப்போது தேவைப்படாமல் கிடக்கும் பொட்டலங்களைப் பட்டியலிடும். பட்டியலைப் படித்த பிறகே சம்மதம் கொடுங்கள்.

5. கணக்கின் ஒரு நகல் கடைக்கு வெளியே இருக்கட்டும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நம் உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம்.

மழைக்கு முன்னே உப்பு அம்பாரத்துக்குக் கீற்று மூடுகிறவர்கள் நம் ஊரார். இதற்கும் அதே முன்யோசனை போதும். வரும் விடுமுறை நாளில் அந்த நோட்டின் முதல் பக்கத்தை எழுதிவிடுங்கள்.